“சும்மா விசாரிச்சுட்டு விட்ருவாங்க”

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. ஆபீஸில் ரிலீஸ் மேல ரிலீஸ். ஊருக்குப் போயிட்டு வந்தா ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல்லு, கவுனி அரிசின்னு ஏதாவது ஒரு கொசுவத்தி சுத்துவேன்னு உங்களுக்கே தெரியும். போன வாரமும் காரைக்குடி போயிருந்தேன். ஆனா இந்தத் தடவை கொசுவத்தி இல்லை, வயித்தெரிச்சல். கொஞ்சம் நீளமான வயித்தெரிச்சல். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்கா.

போனது ஒரு கல்யாணத்துக்கு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ஒரு பெரியவர். பேங்க்கில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன், கோயில் திருப்பணிக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறவர். பேச்சு எங்கெங்கோ சுத்தி மடப்புரத்துக்கு வந்துச்சு. “என்னமோ கூட நாலு அடி விழுந்துருச்சு தம்பி, இல்லேங்கலை. அதுக்காகப் போலீஸ் இனிமே யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவே கூடாதுன்னா எப்படி? தப்புப் பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்? சும்மா விசாரிச்சுட்டு விட்ருவாங்க” அப்படின்னு சொல்லிட்டு பால் பணியாரத்துப் பக்கம் திரும்பிட்டார்.

எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கலை. பந்தியில் வச்சுப் பெரியவரை எதிர்த்துப் பேசவும் வாய் வரலை. அங்க விழுங்கினதைத்தான் இங்க கொட்டுறேன்.

*

மடப்புரம் எங்க சிவகங்கை மாவட்டத்துல, திருப்புவனம் பக்கத்துல இருக்கிற ஊர். அங்க இருக்கிற காளி கோயில் தென் மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியாம இருக்காது. பொருள் திருட்டுக் குடுத்தவங்க, ஏமாந்தவங்க, நியாயம் கிடைக்காதவங்க எல்லாம் அங்க போய்க் காசு வெட்டிப் போடுவாங்க. சத்தியம் பண்ணுவாங்க. கூட இருக்கிற அய்யனாருக்குப் பேர் என்ன தெரியுமா? அடைக்கலம் காத்த அய்யனார்.

அந்தக் கோயிலில் ஒப்பந்தக் காவலாளியா இருந்தவர் அஜித்குமார். ஏறக்குறைய என் வயசுதான். 2025 ஜூன் 27 அன்னிக்குக் கோயிலுக்கு வந்த ஒருத்தர் காரில் வச்சிருந்த நகையைக் காணோம்னு புகார் சொன்னாங்க. கார் சாவி இவர் கைக்குப் போயிருந்ததால சந்தேகம் இவர் மேல. தனிப்படைன்னு சொல்லப்பட்ட போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள், ஜூன் 28, அவர் உயிரோட இல்லை. கோயில் அலுவலகத்துக்குப் பின்னாடி வச்சு அடிக்கிறதை யாரோ மொபைலில் எடுத்த வீடியோ வெளியே வந்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். மதுரை ஹைகோர்ட் கிளை நீதிபதிகள் அரசாங்கத்தைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஐந்து போலீஸ்காரர்கள் கைது, வழக்கு சிபிஐக்கு மாற்றம், முதலமைச்சர் அந்தக் குடும்பத்துக்கிட்ட போனில் மன்னிப்புக் கேட்டது, தம்பிக்கு வேலை, இழப்பீடு... எல்லாம் நீங்க டிவியில் பார்த்ததுதான்.

யாருக்கு என்ன தண்டனைங்கிறது கோர்ட் பாடு. நான் கேக்க வர்றது வேற.

ஹைகோர்ட் கேட்ட கேள்விகளில் ஒண்ணு என்னை விடாம அரிச்சுக்கிட்டே இருக்கு: எப்.ஐ.ஆர். போடாம, யார் சொல்லித் தனிப்படை இந்த விசாரணையைக் கையில் எடுத்தது? அதாவது அந்த ரெண்டு நாளும் காகிதத்தைப் பொறுத்தவரை அஜித்குமார் எங்கேயுமே இல்லை. கைதும் கிடையாது. ‘விசாரணை’, அவ்வளவுதான்.

இந்த நாட்டில் ஏழைக்கு இலவச வக்கீல் குடுக்கணும்னு சட்டம் இருக்கா இல்லையா? இருக்கு. ரொம்ப நல்லாவே இருக்கு. அப்புறம் அந்த வக்கீல் ஏன் வரலை?

*

சட்டத்தைப் பார்க்கலாம். போரடிச்சா ரெண்டு பத்தி தாண்டிருங்க, ஆனா தாண்டாம இருந்தா நல்லது. நாளைக்கு உங்களுக்கே வேணும்.

1976-ல் 42-வது திருத்தத்தில் அரசியல் சட்டத்துக்குள்ள 39ஏ-ன்னு ஒரு பிரிவு வந்தது. காசில்லைங்கிற காரணத்தால யாருக்கும் நியாயம் மறுக்கப்படக் கூடாது, அரசாங்கம் இலவச சட்ட உதவி தரணும். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் ஜெயில்களில் விசாரணையே நடக்காம வருஷக்கணக்கில் கிடந்தவங்க விஷயம். இலவச வக்கீல்ங்கிறது அரசாங்கம் போடுற பிச்சை இல்லை, உயிர் வாழும் உரிமையோட ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 1981-ல் பாகல்பூரில் கைதிகள் கண்ணைக் குருடாக்கின வழக்கு. மாஜிஸ்திரேட் முன்னாடி முதல் தடவை நிறுத்தும்போதே வக்கீல் தரணும்னாங்க. 1983-ல் ஷீலா பார்சே வழக்கு. கைது பண்ணின உடனே போலீஸே பக்கத்துச் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல் சொல்லணும்னாங்க. 1986-ல் சுக் தாஸ் வழக்கு. ‘அவன் வக்கீல் வேணும்னு கேக்கவே இல்லையே’ன்னு தப்பிக்க முடியாது, கேக்காட்டியும் குடுக்கணும்னாங்க.

இதுக்கு ஒரு அமைப்பும் வந்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. டெல்லியில் தேசிய ஆணைக்குழு, சென்னையில் மாநில ஆணைக்குழு, சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழு, அதுக்குக் கீழே தாலுகா அளவில் வட்டக் குழு. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத் திறனாளிகள், காவலில் இருக்கிறவங்க... இவங்க யாருக்கும் வருமானமே பார்க்கக் கூடாது. 15100-ன்னு ஒரு இலவச போன் நம்பர். 2022-ல் இருந்து குற்ற வழக்குகளுக்குன்னே சம்பளம் குடுத்து முழுநேர வக்கீல்களை வைக்கிற திட்டம் வேற.

இதுல பாதி நம்ம யாருக்குமே தெரியாது. தெரிஞ்ச ஒண்ணு பேனர் கட்டி, சால்வை போத்தி, குத்துவிளக்கு ஏத்தி நடக்கிற ‘சட்ட விழிப்புணர்வு முகாம்’.

1996 டிசம்பர் 18-ல் வந்த டி.கே.பாசு தீர்ப்பை உங்களில் சில பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் கேஸோட பூர்வீகமே சட்ட உதவிதான். மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒண்ணோட தலைவரா இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவு பத்திப் பேப்பரில் வந்த செய்திகளை வச்சு 1986 ஆகஸ்ட் 26-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே மனுவா எடுத்துக்கிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு 11 கட்டளைகள் வந்தது. கைது பண்ற போலீஸ்காரர் சட்டையில் பேர் இருக்கணும். சாட்சி கையெழுத்தோட கைதுக் குறிப்பு எழுதணும். சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதிக்கணும். விசாரணை நேரத்தில் வக்கீலைப் பார்க்க விடணும்.

இப்போ ஒரு சாப்ட்வேர்க்காரனா இதைப் பாருங்க. எத்தனை பாதுகாப்பு! 24 மணி நேரக் கணக்கு, கைதுக் குறிப்பு, டாக்டர், வக்கீல், சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல். அத்தனையும் ஒரே ஒரு ஈவென்ட்டில் தொங்குது. அந்த ஈவென்ட்டோட பேர் ‘கைது’. அது நடந்ததா ரிஜிஸ்டரில் எழுதினாத்தான் மத்த பத்து வேலையும் ஓட ஆரம்பிக்கும். அந்த ஒத்தை வரியை எழுதுற அதிகாரம் யாருகிட்ட இருக்கு? யாரைக் கட்டுப்படுத்தணும்னு இத்தனையும் எழுதினோமோ அவங்ககிட்டயே!

அவங்க எழுதலைன்னு வைங்க. ‘கைது எல்லாம் இல்லைங்க, சும்மா விசாரிக்கக் கூட்டிட்டு வந்தோம்.’ முடிஞ்சது. பத்தில் ஒண்ணுகூட ஓடாது. லாக் கிடையாது, அலர்ட் கிடையாது. என் டீமில் ஒரு ஜூனியர் இப்படி ஒரு டிசைனைக் கொண்டுவந்து நீட்டினா ரிவ்யூவில் தூக்கிக் கடாசிருவேன். இதை வச்சுத்தான் கோடிக்கணக்கான பேரோட உயிருக்குக் காவல் போட்டிருக்கோம்.

எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வைக்கணும்னு 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நல்லது. ஆனா மடப்புரம் வீடியோவில் இருக்கிற இடம் ஸ்டேஷனா? கோயிலுக்குப் பின்னாடி! கேமரா இருக்கிற இடத்தில் அடிக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?

*

சரி, இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. நேர்ல பார்த்த ஒண்ணைச் சொல்லணும். இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் எங்க ஐயா வீடு. ஏழு பங்காளிக்குப் பொது வீடு. முகப்பு, பட்டாலை, ரெண்டு கட்டு, பின்கட்டு எல்லாம் உண்டு. வருஷத்தில் பத்து நாள் ஜனம் இருக்கும், மிச்ச நாள் பூட்டிக் கிடக்கும். ஒரு அண்ணனும் அவர் சம்சாரமும்தான் பார்த்துக்கிட்டாங்க. வளவு கூட்டி, சாயந்திரம் விளக்கேத்தி, ஓடு மாத்தி, மழைக்கு முன்னாடி தளத்து இலை தழை அள்ளி. எனக்கு ஊருணியில் நீச்சல் சொல்லிக் குடுத்தது அந்த அண்ணன்தான். அவர் எந்தத் தெருவில் இருந்து வந்தார்னு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

2017-ல் படைப்புக்காக எல்லாரும் கூடியிருந்தோம். நான் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். சாமான் அறையைத் திறந்து வெள்ளிச் சாமானை எண்ணினாங்க. பெரிய சொம்பு ஒண்ணு குறைஞ்சது. ஏழு பங்காளிகிட்டயும் சாவி இருந்துச்சு. ஆனா எல்லாக் கண்ணும் போனது சாவியே இல்லாத அந்த அண்ணன் மேல.

அப்பத்தா மட்டும், “மடப்புரத்துக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுட்டு வந்துருவோம். எடுத்தது யாருன்னு ஆத்தா பாத்துக்கிருவா” என்று சொன்னாக. பெரியப்பா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, “ஆத்தா பாக்கிறதுக்கு வருஷமாகும். நான் தெரிஞ்ச ஏட்டுக்கு ஒரு போன் போடுறேன்” என்றார். போட்டார். அரை மணியில் பைக்கில் ரெண்டு பேர் வந்தாங்க. யூனிபார்ம் இல்லை. புகார் எழுதிக் கேக்கலை, நாங்களும் குடுக்கலை. அந்த அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு நடுவில் ஏறி உக்காந்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் சம்சாரம் முகப்புக்கு வந்தாங்க. மேலே ஏறலை, படிக்குக் கீழேயே நின்னுக்கிட்டு, “தம்பி, நீங்க படிச்சவுக. ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாக தம்பி” என்றார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பயப்படாதீங்கக்கா. சும்மா விசாரிச்சுட்டு விட்ருவாங்க.”

பந்தியில் அந்தப் பெரியவர் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறலை. அதனாலதான் எனக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் சாயந்திரம் அந்த அண்ணன் வந்தார். நடை சரியில்லை. என்னாச்சுண்ணேன்னு கேட்டேன். “ஒண்ணுமில்ல தம்பி, வழுக்கிட்டேன்” என்றார். சொம்பு பத்து நாள் கழிச்சுக் கிடைச்சது. ஒரு பங்காளி, பேத்தி கல்யாணத்துக்குன்னு மதுரைக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைக்க மறந்துட்டாராம். போனில் சிரிச்சுக்கிட்டே சொன்னார். நாங்களும் சிரிச்சோம். பெரியப்பா அந்த அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வேட்டியும் ஐநூறு ரூபாயும் குடுத்தார். அவர் வாங்கிக்கிட்டார். வேற என்ன பண்ணுவார்? அடுத்த தைக்குள்ள வேலையை விட்டுட்டுத் திருப்பூர் போயிட்டாங்க. மன்னிச்சுக்கங்கன்னு எங்க குடும்பத்தில் ஒருத்தர்கூடச் சொல்லலை. நானும்தான்.

இதில் இன்னொண்ணு கவனிங்க. எங்க வளவுப் பாகப் பிரிவினைக் கேஸ் தேவகோட்டைக் கோர்ட்டில் இருவது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. எங்க குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட வாய்தா, வக்காலத்துன்னா என்னன்னு தெரியும். சொத்துன்னா நாலு வக்கீல். உயிர்னா எங்க வீட்டு அண்ணனுக்கு ஒரு வக்கீல் இல்லை. அவர் எந்தச் சட்டப் பணிகள் குழுவுக்கும் போகலை, போக முடியவும் முடியாது. பைக்கில் நடுவில் உக்காந்திருக்கிறவன் 15100-க்கு எப்படி போன் போடுவான்? போனைத்தான் முதல்ல பிடுங்கிருவாங்களே.

*

“அடிச்சாத்தான் உண்மை வரும்” கோஷ்டிக்கு ஒரு சட்ட விஷயம். போலீஸ்கிட்ட குடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதுன்னு 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதிட்டாங்க. வெள்ளைக்காரனுக்கு நம்ம மேல பாசம் பொங்கி வழியலை. நம்ம மெட்ராஸ் ராஜதானியில் வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதையைப் பத்தி ஒரு கமிஷனே உக்காந்து 1855-ல் அறிக்கை குடுத்திருக்கு. அடிச்சு வாங்குற வாக்குமூலத்தோட லட்சணம் என்னன்னு அப்பவே தெரியும்.

அப்புறம் ஏன் இன்னும் அடி? அதே சட்டத்தில் 27-வது பிரிவுன்னு ஒரு சின்ன வாசல். அவன் சொன்னதை வச்சுப் பொருளைக் கண்டுபிடிச்சா, அந்தப் பொருளைக் காட்டிக் குடுத்த பேச்சு மட்டும் செல்லும். புதுசா வந்த 2023 சாட்சியச் சட்டத்திலும் இந்த வாசல் பத்திரமா இருக்கு. அதனாலதான் கேள்வி எப்பவும் ‘நீ எடுத்தியா?’ன்னு இருக்காது, ‘நகை எங்கே?’ன்னுதான் இருக்கும். எடுக்காதவனால பதில் சொல்லவே முடியாத கேள்வி. எடுத்தவனுக்காவது அடி நிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. எடுக்காதவனுக்கு அதுவும் கிடையாது. ‘தப்புப் பண்ணாதவன் ஏன் பயப்படணும்?’னு கேக்குற பெரியவர்களே, தப்புப் பண்ணாதவன்தான் அதிகம் பயப்படணும்!

ஜெய்பீம் படம் பார்த்து அழுதோம் இல்லையா? 1993-ல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு மேல போட்டதும் நகைத் திருட்டுச் சந்தேகம்தான். அந்தக் குடும்பத்துக்குக் கிடைச்சது அரசாங்க இலவச வக்கீல் இல்லை, சந்துருன்னு ஒரு வக்கீல். ஒரு சந்துரு கிடைச்சா நியாயம், கிடைக்காட்டி வழுக்கி விழுந்தான்னு ஒரு கதை. இதுக்குப் பேர் சட்ட உதவியா, லாட்டரிச் சீட்டா?

2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ். அங்கே கைது எழுதினாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணினார். கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்த்தாங்க. எல்லாப் படியும் காகிதத்தில் சரியா இருந்துச்சு, ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. ஒவ்வொரு படியிலும் கையெழுத்துப் போட ஆள் இருந்தது. ‘சட்டையைக் கழட்டு, முதுகைப் பார்க்கணும்’னு அவங்க பக்கம் நின்னு கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா?

*

வெளிநாட்டுக் கதை ஒண்ணு. 1972-ல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட்னு ஒருத்தர் கொலை. மூணு பசங்களைப் பிடிச்சு வாக்குமூலம் வாங்கி உள்ளே தள்ளினாங்க. அப்புறம் பார்த்தா வாக்குமூலமே பொய். இங்கிலாந்தில் பெரிய ரகளையாகி, கமிஷன் போட்டு, 1984-ல் போலீஸுக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தாங்க. அதன்படி ஸ்டேஷனில் வச்சிருக்கிற எவருக்கும், பணக்காரனோ ஏழையோ, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் இலவசமா வக்கீல் ஆலோசனை. அதுக்குன்னே முறை போட்டு டியூட்டி வக்கீல்கள். இதில் முக்கியமான சங்கதி, கைது பண்ணாம ‘சும்மா வந்து பதில் சொல்லிட்டுப் போங்க’ன்னு குற்றச் சந்தேகத்தில் கூப்பிட்டு விசாரிச்சாலும் வக்கீல் உண்டு. ‘கைது’ங்கிற ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அங்க எல்லாம் தேனும் பாலும் ஓடுதுன்னு நான் சொல்லலை. ஆனா ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சு அந்த இடத்தில் ஆளை நிறுத்தினாங்க.

இங்க? 2019-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவே கைதுக்கு முன்னாடி, கைது நேரம், ரிமாண்ட் நேரம்னு மூணு கட்டத்திலும் வக்கீல் உதவி குடுக்க ஒரு வழிமுறை போட்டிருக்கு. விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டவனுக்கும் உதவி உண்டுன்னு அதில் இருக்கு. புதுசா சட்டம் கேக்கலைங்க நான். போட்டதை ஓட்டுங்கன்னு கேக்குறேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டுச்சு, உறுதி பண்ணாம இழுத்துக்கிட்டே வந்திருக்கு. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-ல் லோக்சபாவில் நிறைவேறி, அப்படியே காலாவதி ஆயிருச்சு. கையெழுத்துப் போடுறதில் நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

*

என்னென்ன சொல்லித் திட்டுவீங்கன்னு தெரியும். முன்கூட்டியே பதில்:

1. “அப்போ திருடனுக்கு வக்கீலா?” ஆமா. அவன் திருடனா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே ‘திருடன்’னு நீங்க சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் வக்கீல்.

2. “நகை தொலைச்சவங்க பாவம் இல்லையா?” பாவம்தான். அவங்க நகை அஜித்குமாரை அடிச்சதால கிடைக்கலையே. ஒழுங்கா எப்.ஐ.ஆர். போட்டு, சாட்சி விசாரிச்சு, கேமரா பார்த்துத் தேடுறது அவங்களுக்கும்தான் நல்லது. அடிங்கிறது சோம்பேறித்தனமான விசாரணை.

3. “போலீஸுக்கு எவ்வளவு வேலைப் பளு தெரியுமா?” தெரியும். லீவு கிடையாது, மேல இருந்து பிரஷர், ஆள் பத்தாது. எனக்கும்தான் ரிலீஸ் பிரஷர் இருக்கு. நான் டெஸ்டிங் பண்ணாம விட்டா சர்வர் படுக்கும், இங்க ஒரு வீட்டில் சவம் விழுது. பளு குறையணும்னா ஆள் கேட்டுப் போராடுங்க, நானும் வர்றேன்.

4. “அவசரத்துக்கு எழுதிக்கிட்டா இருக்க முடியும்?” ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தேவையில்லாமக் கைது பண்ணாதே, நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடுன்னு 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பிலேயே சொல்லியாச்சு. சாதாரணத் திருட்டு அதுக்குள்ளதான் வருது. வெள்ளிச் சொம்புக்கு ஒரு நோட்டீஸ் எழுத அஞ்சு நிமிஷம்.

*

அரசாங்கத்துகிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. வக்கீலைக் கோர்ட் வாசலில் இருந்து ஸ்டேஷன் வாசலுக்கு நகர்த்துங்க. ஒவ்வொரு போலீஸ் சப்டிவிஷனுக்கும் ராத்திரி முறையில் ஒரு சட்ட உதவி வக்கீல். சாட்சியோ, சந்தேகமோ, கைதோ, என்ன பேர் வேணா வச்சுக்கங்க, ஒரு மனுஷன் போலீஸோட கைக்குள்ள வந்த நிமிஷத்தில் அந்த வக்கீலுக்குத் தகவல் போகணும். போகலைன்னா அந்த நிமிஷத்தில் இருந்து அந்தக் காவல் சட்டவிரோதம்னு எடுத்துக்கணும். ‘கைது’ன்னு எழுதுற வரைக்கும் காத்திருக்கிற சட்ட உதவி, பொணத்துக்குப் போடுற தடுப்பூசி.

அரசாங்கத்தைத் திட்டுறது சுலபம், இந்தப் பதிவை நான் அதோட முடிச்சா எனக்கே வெக்கம். அந்தப் போனைப் போட்டது அரசாங்கம் இல்லை, எங்க பெரியப்பா. பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தது நான்.

நம்ம எல்லார் வீட்டிலும் வேலைக்கு ஆள் இருக்கு. அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் இருக்கார், ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் அக்கா இருக்காங்க. நாளைக்கு ஒரு மோதிரமோ லேப்டாப்போ காணாமப் போகும். ‘தெரிஞ்ச போலீஸ்காரர் ஒருத்தர் இருக்கார், ஒரு போன் போட்டா போதும்’னு கண்டிப்பா ஒருத்தர் சொல்வார். அந்த நேரத்தில் மூணு காரியம் பண்ணுங்க. முதல்ல வீட்டை நல்லாத் தேடுங்க, பங்காளிகளையும் சேர்த்து. ரெண்டாவது, புகார் குடுக்கணும்னா எழுத்தில் குடுங்க, ரசீது வாங்குங்க, தெரிஞ்ச ஏட்டு வேண்டவே வேண்டாம். மூணாவது, அவரைக் கூட்டிட்டுப் போனா, கூடவே போங்க. 15100-க்கு உங்க போனில் இருந்து கூப்பிடுங்க. படிக்குக் கீழே நிக்கிற அவர் சம்சாரத்துக்கு ஆறுதல் சொல்லாதீங்க, அவங்களை வண்டியில் ஏத்திக்கிட்டுப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உக்காருங்க. பேன்ட் சட்டை போட்ட ஒருத்தன் வாசலில் உக்காந்திருக்கான்னாலே உள்ளே பாதி அடி குறையும். அசிங்கமான உண்மைதான். ஆனா நம்மகிட்ட இருக்கிற அந்த அசிங்கமான சலுகையை ஒரு தடவையாவது அடுத்தவனுக்காகச் செலவு பண்ணலாமே.

அந்த அண்ணன் இப்போ திருப்பூரில் எங்க இருக்கார்னு கல்யாண வீட்டில் விசாரிச்சு நம்பர் வாங்கியிருக்கேன். இன்னும் கூப்பிடலை. எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. இந்த ஞாயித்துக்கிழமை கூப்பிடணும்.

பி.கு: வழக்கமா வர்ற “அருமை”, “மீ த பர்ஸ்ட்டு” பின்னூட்டம் எல்லாம் இந்தப் பதிவுக்கு வேண்டாம். அதுக்குப் பதிலா, உங்க வீட்டில் வேலை பார்க்கிறவங்க போனில் 15100-ஐச் சேவ் பண்ணிக் குடுத்துட்டு வந்து அதைச் சொல்லுங்க. எங்க பெரியப்பாவும் இந்தப் பக்கம் அப்பப்போ படிக்கிறார்னு தெரியும். படிங்க பெரியப்பா. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.